தோணிக்கு மறுபடியும் பாய் வேண்டும்

மார்ஷல் தீவுகளின் வெளித்தீவுகளில் ஒரு குடும்பத்தின் கையில் காசு புழங்குகிறது என்றால் அது பெரும்பாலும் கொப்பரையால் வந்த காசு. தேங்காயை உடைத்து, உலர்த்தி, மூட்டையாகக் கட்டி, கரையோரக் கொட்டகையில் அடுக்கிவிட்டு மக்கள் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். கப்பல் வந்தால் கொப்பரை தலைநகர் மஜூரோவுக்குப் போகும். அரிசியும் மாவும் மருந்தும் பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய பொருள்களும் இறங்கும். கப்பல் வராவிட்டால் விற்கவும் வழியில்லை, வாங்கவும் வழியில்லை. 29 பவளத் தீவுத்திட்டுகள், 5 தனித்தீவுகள், எல்லாமாகச் சேர்த்து 42,000 பேர் சொச்சம். இவ்வளவு குறைந்த மக்கள் சிதறிக் கிடக்கும் கடற்பரப்போ ஏறத்தாழ 20 லட்சம் சதுர கிலோமீட்டர். இங்கே ஒவ்வொரு தீவாகத் தொட்டு, சில டன் கொப்பரையை ஏற்றிவர டீசல் கப்பலை ஓட்டினால் கூலி எப்படிக் கட்டுப்படியாகும்? அரசு மானியம் கொடுத்துத்தான் அந்தக் கப்பல்கள் ஓடுகின்றன. உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் அந்த நாட்டின் கருவூலம் ஆட்டம் காண்கிறது.

2024-ல் மஜூரோவுக்கு 'ஜூரென் ஆயே' என்ற புதிய கப்பல் வந்து சேர்ந்தது. நீளம் 48 மீட்டர், சுமார் 300 டன் சரக்கு ஏற்றலாம். ஜெர்மனி அரசு நிதி கொடுத்தது, எம்டன்-லீர் பல்கலைக்கழகத்தின் கப்பல்துறை ஆய்வாளர்கள் ஆராய்ச்சியில் உடனிருந்தார்கள், தென்கொரியாவில் கட்டினார்கள். பாய்தான் அதன் முதன்மை உந்துவிசை. எந்திரமும் உண்டு, சூரிய மின்தகடுகளும் உண்டு. பழைய கப்பல்களோடு ஒப்பிட்டால் எரிபொருளில் 80 சதவீதம் வரை மிச்சமாகும் என்பது திட்டக்காரர்களின் கணக்கு. அந்தக் கணக்கைக் கடல்தான் சில ஆண்டுகள் சோதித்துச் சொல்ல வேண்டும். அதில் பாதி மிஞ்சினாலும் அந்த நாட்டுக்கு அது பெரிய விடுதலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இந்தக் கப்பலைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது அருங்காட்சியகத்துக்கான மரக்கலம் அல்ல. எஃகு உடல் கொண்டது. பாய்களைக் கப்பல் தளத்தில் நின்றபடியே விரிக்கலாம், சுருட்டலாம். பாய்மரத்தில் ஏறி உயிரைப் பணயம் வைக்கும் வேலை இல்லை, பெரிய ஆள்படையும் தேவையில்லை. இந்தப் பாய் அமைப்புக்கு 'இந்தோசெயில்' என்று பெயர். 1980-களில் இந்தோனேசியத் தீவுகளுக்கு இடையே சரக்குக் கொண்டுபோவதற்காக ஜெர்மானியரும் இந்தோனேசியரும் சேர்ந்து உருவாக்கியது. அந்த அமைப்போடு 'மாருத ஜெயா' என்ற சரக்குக் கப்பலும் கட்டப்பட்டது. ஆனால் அதன் பின்னால் வரவேண்டிய கப்பல்கள் வரவில்லை. நல்ல வடிவமைப்பு ஒன்று முப்பதாண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்தது.

ஏன் கிடந்தது என்பதில்தான் இந்த விஷயத்தின் மையம் இருக்கிறது. 1973-லும் 1979-லும் எண்ணெய் விலை எகிறியபோது உலகம் முழுவதும் பாயின் மேல் திடீரென்று அக்கறை வந்தது. ஜப்பான் 1980-ல் 'ஷின் ஐதோகு மாரு' என்ற எண்ணெய்க் கப்பலுக்கே பாய் பொருத்திப் பார்த்தது. ஃபிஜியில் ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியோடு தீவுகளுக்கு இடையே ஓடிய அரசுக் கப்பல் ஒன்றுக்குப் பாய் கட்டினார்கள். எரிபொருள் கணிசமாக மிஞ்சியது. பிறகு 1986-ல் கச்சா எண்ணெய் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. அத்தோடு ஆய்வு நிதி நின்றது, பாய்கள் இறக்கப்பட்டன. காற்று குறைந்ததாலோ கப்பல்கள் ஓடாததாலோ அந்த முயற்சிகள் நிற்கவில்லை. டீசல் மலிந்தது, அவ்வளவுதான். விலை ஏறும்போது ஓடிப்போய்க் காற்றைத் தேடுவதும் இறங்கியதும் கைவிடுவதுமாக இருந்தால் எந்தத் தொழிலும் வேர்பிடிக்காது. இந்தோனேசியாவின் பினிசி கலங்கள் 1970-கள் வரை உலகின் மிகப் பெரிய வணிகப் பாய்க்கப்பல் அணியாக இருந்தன. சில ஆண்டுகளுக்குள் அவையும் எந்திரத்துக்கு மாறின. அந்தக் கலங்களைக் கட்டும் கலையை யுனெஸ்கோ 2017-ல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. சேர்த்தது மகிழ்ச்சிதான். ஆனால் பட்டியலில் ஏறிய கலை வேறு, சந்தைக்கு அரிசி ஏற்றிப் போகும் கலை வேறு.

மார்ஷல் தீவினர் இழந்ததும் சாதாரணமானதல்ல. தென்னை ஓலையின் ஈர்க்குகளைக் கட்டி, சோழிகளைத் தீவுகளாகப் பதித்து, அலைகள் தீவில் மோதி எப்படி வளைகின்றன, எங்கே ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன என்று காட்டும் கடல் வரைபடங்களை அவர்கள் செய்தார்கள். அவற்றைக் கடலுக்கு எடுத்துப் போவதில்லை. கரையில் படித்து மனத்தில் ஏற்றிக்கொண்டு, கடலில் ஓடத்தின் அடியில் புரளும் அலையை உடம்பால் உணர்ந்து திசை கண்டார்கள். ஜெர்மானியரும் ஜப்பானியரும் ஆண்ட காலத்தில் தொலைதூர ஓடப் பயணங்கள் கட்டுப்படுத்தப்பட்டன. 1946-லிருந்து 1958-க்குள் அமெரிக்கா அங்கே 67 அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. 1954-ல் வெடித்த பெருங்குண்டின் கதிர்வீச்சுத் தூசு படிந்த ரோங்கெலாப் தீவு, மாலுமிக் கலையைக் கற்றுத்தந்த தீவு. அதன் மக்கள் இடம்பெயர்க்கப்பட்டபோது கற்பிக்கும் சங்கிலியும் அறுந்தது. 1989 முதல் மஜூரோவில் ஒரு பள்ளி இளைஞர்களுக்கு ஓடம் கட்டக் கற்றுத்தருகிறது. புதிய சரக்குக் கப்பல் திட்டத்தில் அந்தப் பள்ளியும் பங்காளி. திட்டத்தின் இந்தப் பகுதிதான் என்னை அதிகம் கவர்கிறது. கப்பலை நிதி கொடுத்து வாங்கிவிடலாம், ஓட்டுகிறவனை உள்ளூரில்தான் வளர்க்க வேண்டும் என்பது அங்கே யாருக்கோ தெரிந்திருக்கிறது.

ஐரோப்பாவிலும் பாய்க்கப்பல்கள் திரும்பி வந்திருக்கின்றன. 'த்ரெஸ் ஓம்ப்ரெஸ்' என்ற கப்பல் எந்திரமே இல்லாமல் 2009 முதல் அட்லாண்டிக்கைக் கடந்து சுமார் 35 டன் ரம், காப்பி, கொக்கோ ஏற்றி வருகிறது. பிரான்சின் 'கிரெய்ன் த செயில்' நிறுவனம் 2020-ல் முதல் கப்பலை இறக்கியது. நியூயார்க்குக்கு ஒயின், திரும்பும்போது கரீபியன் கொக்கோ. இவற்றைக் குறைத்துப் பேச மாட்டேன். இவர்கள் இல்லாவிட்டால் பாய் கட்டத் தெரிந்த தலைமுறையே அங்கே இருந்திருக்காது. ஆனால் இந்தக் கப்பல்களை வாழவைப்பது, காற்றில் வந்த சாக்லேட் என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்கும் வாடிக்கையாளர். தீவில் இருக்கும் தாய்க்கு மாவு கூடுதல் விலையில் வந்து பயனில்லை. அவளுக்கு அது மலிவாக வரவேண்டும். ஆகவே தீவுகளின் பாய்க்கப்பல் வேறு பொருளாதாரத்தில் நிற்க வேண்டியது. பேருந்தும் குடிநீரும்போல அது பொதுச்சேவை. அரசு ஒப்பந்தம் இல்லாமல் அது எங்கேயும் நிலைக்காது.

பெரிய கப்பல்களுக்கு எழுதப்படும் உலக விதிகளும் இந்தச் சிறு கப்பல்களைக் காப்பாற்றப் போவதில்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2050-ஐ ஒட்டி நிகரக் கரிமப் பூஜ்ஜியம் என்று 2023-ல் இலக்கு வைத்தது. கரிமத்துக்கு விலை வைக்கும் திட்டம் 5,000 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு மட்டுமே என்று எழுதப்பட்டது. அதன் மீதான வாக்கெடுப்பும் 2025 அக்டோபரில் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. கப்பல் புகைக்கு டன்னுக்கு 100 டாலர் வரி விதியுங்கள் என்று 2021-ல் அந்த அவையில் கேட்டவர்கள் மார்ஷல் தீவுகளும் சாலமன் தீவுகளும்தான். கடல்மட்டத்துக்கு மேல் இரண்டு மீட்டர் உயரத்தில் வாழும் மார்ஷல் தீவினர் கேட்கிறார்கள். உலகம் இன்னும் ஓராண்டு என்கிறது. அவர்கள் அதற்குள் தங்கள் கப்பலுக்குப் பாய் கட்டிவிட்டார்கள்.

இதையெல்லாம் தமிழில் எழுதக் காரணம் தூத்துக்குடி.

பழைய துறைமுகத்தில் இன்றும் தோணிகள் நிற்கின்றன. சிமெண்ட், செங்கல், ஜல்லி, வெங்காயம், உருளைக்கிழங்கு, அரிசி ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போகின்றன. ஒரு தோணி ஏற்றும் சரக்கு சுமார் 300 டன். ஜெர்மானியரும் கொரியரும் சேர்ந்து பசிபிக்குக்கு என்று அளவெடுத்துக் கட்டிய கப்பலின் கொள்ளளவும் அதேதான். தீவுக் கடலுக்கு எந்த அளவுக் கலம் வேண்டும் என்பதை எங்கள் கடற்கரை எப்போதோ கண்டுகொண்டிருக்கிறது. பெரிய கப்பல் நுழைய முடியாத பவளக் கடலில், பெரிய தளவாடம் இல்லாத இறங்குதுறையில், பல நூறு டன்னுக்கு மேல் ஒரே நேரத்தில் தேவைப்படாத ஊருக்கு, அந்த அளவுதான் பொருந்தும்.

1974-ல் புதிய ஆழ்கடல் துறைமுகம் வரும்வரை தூத்துக்குடியின் வாழ்வே தோணிதான். கரையோரம் ஆழமில்லாததால் கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். உப்பும் பஞ்சும் தானியமும் தோணியில்தான் கப்பலுக்குப் போகும், வரும். அதைவிடப் பெரிய கதை கொழும்பு ஓட்டம். கச்சானும் கொண்டலும் வாடையும் சோழகமுமாகிய காற்றுகள் எப்போது எழும், எப்போது விழும் என்று தெரிந்த தண்டல்கள் (தோணித் தலைவர்கள்), பாயை மட்டும் நம்பி மன்னார் வளைகுடாவைக் கடந்து போய்வந்தார்கள். ஜோ டி குருஸ் 'கொற்கை' நாவலில் அந்த உலகத்தை விரித்து எழுதி, 2013-ல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். கடலின் மறுகரையில், ஈழத்து வல்வெட்டித்துறைக் கப்பல் கட்டுநர்களின் கைத்திறன் இன்னொரு சான்று. அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி'யை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கினார். ஈழத்து மாலுமிகள் அதைச் சூயஸ் வழியே ஓட்டி, அட்லாண்டிக்கையும் கடந்து, 1938-ல் மாசச்சூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்தக் கைகளுக்கும் கண்களுக்கும் உரிய மரியாதையை நாம் இன்னும் தரவில்லை என்பது என் ஆதங்கம்.

கடந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் தோணிகளில் எந்திரம் ஏறியது. அதைத் தவறென்று சொல்வதற்கில்லை. காற்று விழுந்துவிட்டால் நடுக்கடலில் நாள்கணக்கில் கிடந்த மனிதர்களுக்குத்தான் எந்திரத்தின் அருமை தெரியும். சட்டப் புத்தகத்தில் இவை இன்றும் 'எந்திரம் பொருத்திய பாய்மரக் கலங்கள்' என்றே அழைக்கப்படுகின்றன. எந்திரம் இருக்கிறது, பாய்தான் பேருக்கு ஆகிவிட்டது. டீசல் விலையோ தோணிக்காரரின் லாபத்தை அரித்துத் தின்கிறது. பல உரிமையாளர்கள் தோணியை விற்றுவிட்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள்.

இதே மாவட்டத்தில், இதே காற்றில், கயத்தாறில் காற்றாலைகள் சுழல்கின்றன. கொஞ்சம் தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் வரிசை வரிசையாக நிற்கின்றன. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நிலத்தில் வீசும் காற்றை அளந்து, முதலீடு செய்து, வங்கிக் கடன் கொடுத்து, மின்சாரமாக்கத் தெரிந்த மாநிலம் இது. கடலில் வீசும் காற்றுக்கு மட்டும் ஏன் ஒரு திட்டம் இல்லை?

லட்சத்தீவைப் பாருங்கள். 36 தீவுகளில் மக்கள் வாழ்வது பத்தில். மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் 64,473 பேர். அரிசி முதல் ஆணி வரை பேப்பூரிலிருந்தும் மங்களூரிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் போக வேண்டும். மின்சாரம் பெருமளவு டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. அந்த டீசலைக் கொண்டுபோகவும் டீசல் எரிகிறது. ஒரு காலத்தில் தீவுக்காரர்களே ஓடங்களில் பாய் விரித்து, கொப்பரையும் கயிறும் ஏற்றிவந்து மலபார்க் கரையில் அரிசிக்கு மாற்றிப் போனார்கள்.

பாய் கட்டினால் உண்மையில் எவ்வளவு உதவும்? இதில் மிகைப்படுத்தல் ஆகாது. தோணிகளின் பருவம் தென்மேற்குக் காற்று அடங்கிய பிறகு தொடங்குகிறது. அந்தக் காற்று கொந்தளிக்கும் மாதங்களில் இந்தக் கலங்கள் கடலுக்குப் போவதில்லை. வடகிழக்குக் காற்று நிலைபெற்ற மாதங்களில் தூத்துக்குடியிலிருந்து குமரி முனையைச் சுற்றி மேற்கே போகும் தோணிக்குக் காற்று பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் கிடைக்கும். பாரம் ஏற்றிப் போகும் பயணம் அதுதான், டீசல் அதிகம் எரிவதும் அதில்தான். திரும்பும்போது எதிர்க்காற்று, எந்திரம் போட்டே ஆக வேண்டும், ஆனால் தோணி பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். மார்ச் பிறந்துவிட்டால் காற்றே தளர்ந்துவிடும். ஆகவே பசிபிக் வணிகக்காற்றில் சொல்லப்படும் 80 சதவீதத்தை நம் கடலில் யாராவது வாக்குறுதியாகக் கொடுத்தால் நம்பாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினாலே ஒரு தோணி உரிமையாளர் தொழிலில் நிலைக்க அது போதும் என்று நினைக்கிறேன்.

எதிர்வாதங்களில் ஒன்று எனக்குக் கனமானதாகப் படுகிறது. தீவு மக்கள் காற்றை நம்பிப் பட்டினி கிடக்க வேண்டுமா, கப்பல் குறித்த நாளில் வரவேண்டாமா என்கிறார்கள். வரவேண்டும். அதனால்தான் எந்திரத்தை இறக்கிவிடச் சொல்லவில்லை. பாயை அதன் பக்கத்தில் ஏற்றச் சொல்கிறேன். பாலும் மருந்தும் பயணிகளும் விரைவுக் கப்பலில் போகட்டும். செங்கல்லும் சிமெண்டும் இரண்டு நாள் பிந்தினால் யாருக்கும் நட்டமில்லை. பாய் பழசு, பின்னோக்கிப் போகிறோம் என்ற பேச்சுக்கு நீண்ட பதில் தேவையில்லை. 136 மீட்டர் நீளமுள்ள 'நியோலைனர் ஒரிஜின்' 2025-ல் பிரான்சிலிருந்து பாய் விரித்து, செயிண்ட் பியர் மிக்கெலான் தீவைத் தொட்டு, அமெரிக்கா போய்ச் சேர்ந்தது.

பாதுகாப்பு பற்றிய கவலை நியாயமானது. மரத்தோணிகள் கடலில் மூழ்கிய செய்திகளை நாம் படிக்கிறோம். மாலுமிகள் உயிருக்குப் போராடி மீட்கப்படுகிறார்கள், சிலர் மீட்கப்படுவதில்லை. காப்பீடு கிடைப்பது கடினம், கிடைத்தாலும் தவணை கனக்கிறது. மரபு என்ற பெயரில் பழைய ஆபத்தையும் சேர்த்துப் பாதுகாக்கும் உரிமை நமக்கு இல்லை. தோணியின் உடல் மரமாகத்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். மரபு இருப்பது கடலை அறிந்த அறிவில். பசிபிக் தீவினர் எஃகுக் கப்பலை ஏற்றுக்கொண்டதில் எந்தத் தாழ்வும் இல்லை.

நம் நாட்டில் பாயின் மேல் அக்கறை இல்லை என்றும் சொல்ல முடியாது. அஜந்தா ஓவியத்தைப் பார்த்து, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய 'கௌண்டின்யா' 2025-ல் கடற்படையில் சேர்ந்தது. அந்த டிசம்பரில் போர்பந்தரிலிருந்து மஸ்கட்டுக்கும் புறப்பட்டது. மனம் நிறையும் செய்தி. அந்தக் கப்பலுக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்கு, இன்றைக்கும் சரக்கு ஏற்றிப் பிழைக்கும் தோணிக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் பசுமை ஹைட்ரஜனுக்கும் பசுமை மெத்தனாலுக்கும் திட்டங்கள் நடக்கின்றன. அவை பெரிய கப்பல்களுக்கு உரியவை, வேண்டியவைதான். அவை முந்நூறு டன் தோணிக்குக் கட்டுப்படியாகும் விலையில் வந்து சேரும்வரை தோணி காத்திருக்க முடியாது.

நாடாளுமன்றம் 2025-ல் நிறைவேற்றிய கடலோரக் கப்பல் போக்குவரத்துச் சட்டம், கடலோர, உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக்கு ஒரு தேசிய உத்தித் திட்டம் வகுக்கச் சொல்கிறது. தூத்துக்குடியிலிருந்து லட்சத்தீவுக்கு ஓடும் தோணி அந்தத் திட்டத்துக்குள் வரவேண்டும். ஒரே ஒரு தோணியில் தொடங்கலாம். சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறையும் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகமும் பாயை வடிவமைக்கட்டும். ஆனால் வரைபலகைக்கு முன்னால் ஒரு தண்டலும் உட்கார்ந்திருக்க வேண்டும், அவருக்கு ஆலோசகர் ஊதியம் தரவேண்டும். மூன்று பருவங்களுக்கு லட்சத்தீவு நிர்வாகம் நிச்சயச் சரக்கு கொடுக்கட்டும். எத்தனை லிட்டர் எரிந்தது, எத்தனை நாள் பிந்தியது, எங்கே பாய் கிழிந்தது என்ற ஓட்டப் பதிவை மறைக்காமல் வெளியிட வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களும் வங்கிகளும் நம்புவது அந்தப் பதிவைத்தான். எண்ணெய் விலை இடையில் சரிந்தாலும் திட்டத்தை நிறுத்தக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். 1986-ன் கதை இங்கே திரும்பக்கூடாது.

அவசரம் ஒன்றில்தான் இருக்கிறது. பாயை மட்டும் வைத்துக் கொழும்புக்கு ஓட்டிய தண்டல்களில் இன்று எஞ்சியிருப்பவர்கள் முதியவர்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் வெளிநாட்டுக் கப்பல்களில் வேலை பார்க்கிறார்கள், பேரப்பிள்ளைகள் பொறியியல் படிக்கிறார்கள். ஆய்வுக் குழு, அறிக்கை, மறு ஆய்வு என்று ஐந்தாறு ஆண்டுகள் ஓடிவிட்டால், பாயின் எந்த மூலையை எந்தக் காற்றுக்கு எவ்வளவு தளர்த்துவது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்க மாட்டார்கள். ஆகவே முதலில் அவர்களைத் தேடிப் போய், கேட்டு, பதிவுசெய்து, நான்கு இளைஞர்களை அவர்கள் பக்கத்தில் நிறுத்துங்கள். தோணியை வாடகைக்கு எடுக்க லட்சத்தீவு நிர்வாகத்தின் ஒரு ஒப்பந்தப்புள்ளி போதும். அதை அடுத்த பருவம் திறப்பதற்குள் வெளியிட முடியும்.